ஏர்த்

பாசையூர்ச் சந்தைக்குப் பின்னால்
ஐஸ் உருகி ஓடிய ஈரத்தில் பிக்கப்பை நிறுத்தி
"பின்னேரத்துக்கிடையில பூட்டித் தா" என்றா பெனடிற்றா.
பெட்டிக்குள் ஒரு றேடியோ, சுருள் வயரில் மைக்,
திருக்கை வால் மாதிரி ஓர் அன்ரெனா.

நான் கேட்கவில்லை. அவவாகவே சொன்னா:
"ஆறு போட் எனக்கு மீன் தருகுது.
எது எப்ப கரைக்கு வருமெண்டு தெரியாமல்
இருவது பார் ஐஸ் ஏத்தி
பதினொண்டு தண்ணியாப் போகுது.
தண்ணியை ஆரும் கிலோக் கணக்கில வாங்குறேல்லை."

பற்றரியிலிருந்து நேரே இரண்டு வயர்.
சிவப்புக்கு ஒரு பியூஸ், கறுப்புக்கும் ஒன்று.
சாவி வயரில் கொழுவினால் லேசு என்றான் ரீக்கடைப் பொடியன்.
லேசுதான்.
பிறகு ஹோர்ன் அடிக்க றேடியோவும் சேர்ந்து அழும்.
எஞ்சினுக்கும் காலடிக்கும் நடுத் தகட்டில்
பழைய ஓட்டை ஒன்று, றப்பர் இல்லாமல்.
சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றினேன்.
தகட்டு விளிம்பு வயரைத் தின்னும்,
அவசரப்படாது, ஒரு வருசம் எடுக்கும்.

அன்ரெனாவுக்குக் காந்தக் கால்.
கூரையில் வைத்தேன்; சறுக்கி என் கைக்கே வந்தது.
நாலு விரல் தள்ளி வைத்தேன். அங்கேயும் அப்படித்தான்.
நகத்தால் தட்டினேன்.
தகரச் சத்தம் இல்லை, சுவர்ச் சத்தம்.
"புட்டி" என்றேன்.
"ஓம்" என்றா,
மீன் கணக்குக் கொப்பியில் ஒரு பக்கத்தைத் திருப்பிக்கொண்டு.

சரி, தொட்டி விளிம்பில்,
இரும்பு இரும்பாகவே மிஞ்சிய இடத்தில்,
துளைத்து நட்டுப் போடுவம்.
பெயின்ரைச் சுரண்டாமல் ஏர்த் பிடிக்காது.
உளியைச் சரித்துப் பிடித்தேன்.
வெள்ளை.
வெள்ளைக்குக் கீழே நீலம்;
"தம்பியின்ர கலியாணத்துக்கு அடிச்சது."
நீலத்துக்குக் கீழே பச்சை.
பச்சையைப் பற்றி அவ ஒன்றும் சொல்லவில்லை.
எந்தப் பச்சையென்று நானும் கேட்கவில்லை.
ரோர்ச் பற்றரி இரண்டுக்கே
காவலரணில் பதில் சொல்லி நின்ற ஊர் இது.
வானத்தைப் பார்த்து நீட்டிய கம்பிக்கு
அப்போது என்ன பதில் வைத்திருப்போம்?
சுரண்டிக்கொண்டே இருந்தேன்.
ஒரு ரூபாய்க் குத்தியளவு இரும்பு வந்தது,
செதில் எடுத்த பாரைபோல் பளிச்சென்று.

மீற்றரை நடுவில் கொழுவி மைக்கை அமத்தினால்
ஊசி சிவப்புக்குப் போய் நின்றது.
அனுப்பியதில் கால்வாசி போகாமல் திரும்பி வருகிறது.
கம்பியை ஒரு நூல் இறக்கினேன். இன்னொரு நூல்.
ஊசி மெல்லச் சாய்ந்து ஒன்றரையில் இருந்தது.
காணும்.

முதலில் எஞ்சின் விசில்.
பிறகு இரைச்சல்.
இரைச்சலுக்குள்ளிருந்து அக்கரைத் தமிழ் ஒன்று,
"அண்ணே, அந்தப் பக்கம் காத்து எப்படி இருக்கு?"
ஆரைக் கேட்டானோ.
போன மாசம் றோலர் அறுத்த வலை
இவவின் ஆறு போட்டில் இரண்டின் வலை.
பெருவிரல் மைக்கில் இருந்தது.
கழுத்து நரம்பு எழும்புவதைப் பார்த்தேன்.
அமத்தினா.
"காத்து கிடக்கட்டும். எங்கட வலையைப் பாத்துப் போங்கோ."
விட்டா.

கொஞ்ச நேரம் கடல் முழுக்க இரைச்சல் மட்டும்.
அவன் கேட்டிருப்பான். கேட்காமலும் இருந்திருப்பான்.
பிறகு பக்கத்தில், மூக்கடைத்த ஒரு குரல்:
"பெனடிற்றாக்காவோ? எப்ப தொடக்கம் றேடியோவில?
எட்டுப் பெட்டி பாரை. ஏழு மணியாகும்."
அவ பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினா.
எட்டு. ஏழு. அடியில் ஐஸ் கணக்கு.

கூலியில் இருநூறு குறைத்து,
குறைத்த இடத்துக்கு ஒரு பை நண்டு வைத்தா.
பிக்கப்பைப் பின்னுக்கு எடுக்க
அன்ரெனா ரீக்கடைத் தகரத்தில் அடித்து, வளைந்து,
விட்டதும் நிமிர்ந்து, கனநேரம் ஆடியது.
"உடைஞ்சு போச்சே?" என்று கத்தினா.
"இல்லை" என்றேன். "அதுக்குத்தான் வளையிறது."
ரீக்கடைப் பொடியன்தான்
தகரத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டு நின்றான்.